சர்வர் ஜாம் ஆனால் முதலில் எதைப் பார்ப்பது? கட்டளை வரிக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ ஐடி சப்போர்ட் வேலைக்குப் புதிதாகச் சேரும் நம் பிள்ளைகளின் காதில் முதல் வாரத்திலேயே விழும் புகார் ஒன்று உண்டு: “சர்வர் ஜாம் ஆயிடுச்சு.” உடனே பலரும் செய்வது ரீஸ்டார்ட். செய்ததும் எல்லாம் சரியாகிவிட்டதுபோல் தெரியும். ஆனால் ஏன் அப்படி ஆனது என்பதற்கான தடயமும் அதோடு போய்விடும். மறுநாள் அதே நேரத்தில் அதே ஜாம் திரும்பி வரும்.

எதன்மீதும் கை வைப்பதற்கு முன், கணினி எதற்காகக் காத்திருக்கிறது என்று அளந்து பாருங்கள். சிபியுவுக்கா, நினைவகத்துக்கா, டிஸ்க்குக்கா, நெட்வொர்க்குக்கா? இதைக் கண்டுபிடிக்கும் கருவிகள் எல்லாம் லினக்ஸில் இலவசமாகவே இருக்கின்றன. கிராஃபிக்ஸ் திரை தேவையில்லை. எஸ்எஸ்ஹெச் (வேறொரு கணினியிலிருந்து கட்டளை வரியைத் திறக்கும் வழி) வழியாக உள்ளே நுழைய முடிந்தால் போதும்.

தொடங்குவதற்கு முன் ஒரு சிறு விஷயம். கட்டளைகளின் பெயர்களை இங்கே உச்சரிக்கும் விதத்தில் தமிழில் எழுதியிருக்கிறேன். விசைப்பலகையில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன். தமிழ்த் தட்டச்சு இயக்கத்தில் இருந்தால் முதலில் அதை மாற்றிவிடுங்கள்.

பழகுவதற்கு ஒரு மெஷின்

அலுவலக சர்வரில் பழகாதீர்கள். வீட்டில் பழைய லேப்டாப் ஒன்று தூசி படிந்து கிடந்தால் அதில் உபுண்டு அல்லது டெபியன் போட்டுக்கொள்ளுங்கள். விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வைத்தும் கட்டளைகளைப் பழகலாம். ஆனால் அதில் வெப்பநிலை, டிஸ்க் வேகம் போன்றவை நிஜ வன்பொருளின் கணக்காக வராது. அதனால் பழைய லேப்டாப்தான் என் பரிந்துரை.

உபுண்டுவில் இரண்டு பொதிகளை (பேக்கேஜ்) முதலில் நிறுவுங்கள். “சுடோ” என்பது நிர்வாகியின் (ரூட்) அனுமதியோடு ஓட்டச் சொல்வது:

சுடோ ஏபிடி இன்ஸ்டால் சிஸ்ஸ்டாட் ஹெச்டாப்

ஐஓஸ்டாட், பிட்ஸ்டாட், சார் ஆகிய மூன்றும் சிஸ்ஸ்டாட் பொதிக்குள் இருக்கின்றன. விஎம்ஸ்டாட், ஃப்ரீ, டாப், அப்டைம் ஆகியவை ஏற்கெனவே இருக்கும்.

முதல் கட்டளை: அப்டைம்

“அப்டைம்” என்று தட்டினால் ஒரே வரி வரும். கணினி எத்தனை நாளாக ஓடுகிறது என்பதும், வரிக் கடைசியில் மூன்று எண்களும் அதில் இருக்கும். அந்த மூன்றுதான் லோட் ஆவரேஜ்: கடந்த 1 நிமிடம், 5 நிமிடம், 15 நிமிடங்களின் சராசரிச் சுமை. முதல் எண் பெரியதாகவும் மூன்றாவது சிறியதாகவும் இருந்தால் பிரச்சினை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. தலைகீழாக இருந்தால் வந்துபோன பிரச்சினை அடங்கிக்கொண்டிருக்கிறது.

எண் எவ்வளவு இருந்தால் அதிகம்? அது சிபியு கோர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. “என்ப்ராக்” என்ற கட்டளை அந்த எண்ணிக்கையைச் சொல்லும். நான்கு கோர் உள்ள மெஷினில் லோட் 4 என்றால் நிறைந்திருக்கிறது, 12 என்றால் வரிசை நீண்டுவிட்டது. மாமாக் கடையில் ரொட்டிச்சானாய் போடும் கல் நான்கு இருந்து, பன்னிரண்டு பேர் ஆர்டர் கொடுத்துவிட்டு நிற்பதுபோல.

இங்கே புதியவர்கள் அடிக்கடி தடுமாறும் ஓரிடம் உண்டு. லோட் அதிகம் என்றால் சிபியு போதவில்லை என்று முடிவுகட்டிவிடுவார்கள். லினக்ஸில் அப்படிச் சொல்ல முடியாது. சிபியுவுக்காகக் காத்திருக்கும் ப்ராசஸ்களோடு (ஓட்டத்தில் இருக்கும் நிரல்கள்), டிஸ்க்கின் பதிலுக்காக அசையாமல் நிற்கும் ப்ராசஸ்களையும் லினக்ஸ் அந்த எண்ணில் சேர்க்கிறது. 1993 முதல் இதுதான் வழக்கம். ஆகவே லோட் 10 என்று காட்டும்போதே சிபியு முக்கால்வாசி நேரம் சும்மா இருக்கக்கூடும். லோட் ஆவரேஜ் பிரச்சினை இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். எங்கே என்று அறிய அடுத்த கட்டளைக்குப் போக வேண்டும்.

விஎம்ஸ்டாட்: ஒரு திரையில் முழு நிலவரம்

எனக்கு ஒரே ஒரு கட்டளைதான் அனுமதி என்றால் இதைத்தான் கேட்பேன்.

விஎம்ஸ்டாட் 1

நொடிக்கு ஒரு வரி ஓடும். நிறுத்த கன்ட்ரோல் விசையோடு சி. முதல் வரியை மதிக்காதீர்கள். அது கணினி தொடங்கிய நேரத்திலிருந்து எடுத்த சராசரி. இப்போதைய நிலை இரண்டாவது வரியிலிருந்துதான் தெரியும். நிறையப் பத்திகள் (மேலிருந்து கீழாக ஓடும் வரிசைகள்) இருப்பதைப் பார்த்து மலைக்க வேண்டாம். தொடக்கத்தில் இவற்றைக் கவனித்தால் போதும்.

இடது ஓரத்தில் “ஆர்”, “பி” என்று இரண்டு பத்திகள். சிபியுவில் ஓடுகிறவையும் அதற்காக வரிசையில் நிற்கிறவையும் ஆர். டிஸ்க் போன்றவற்றுக்காகத் தடைபட்டு நிற்கிறவை பி. ஆர், கோர் எண்ணிக்கையைத் தொடர்ந்து தாண்டினால் சிபியு நெருக்கடி. பி தொடர்ந்து பூஜ்யத்துக்கு மேலேயே இருந்தால் டிஸ்க் பக்கம் திரும்புங்கள்.

நடுவில் “எஸ்ஐ”, “எஸ்ஓ”. ஸ்வாப்பிலிருந்து (நினைவகம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படுத்தும் இடம்) நினைவகத்துக்கு வருவதும், நினைவகத்திலிருந்து ஸ்வாப்புக்குப் போவதும். எப்போதாவது ஓர் எண் தலைகாட்டினால் கவலையில்லை. நொடிக்கு நொடி இரண்டிலும் எண்கள் ஓடிக்கொண்டே இருந்தால் நினைவகம் உண்மையிலேயே போதவில்லை.

வலது பக்கம் “யூஎஸ்”, “எஸ்ஒய்”, “ஐடி”, “டபிள்யூஏ”, “எஸ்டி”. முதல் இரண்டும் சிபியு நிஜமாக உழைத்த நேரத்தின் சதவீதம்: பயன்பாடுகளுக்காக ஒன்று, லினக்ஸின் மையமான கெர்னலுக்காக ஒன்று. ஐடி சும்மா இருந்த நேரம். டபிள்யூஏ, சும்மா இருந்தபடி டிஸ்க்கின் பதிலை எதிர்பார்த்திருந்த நேரம். எஸ்டி என்பது கிளவுடில் வாடகைக்கு எடுத்த சர்வர்களில் முக்கியம்: உங்கள் மெய்நிகர் மெஷினுக்குக் கிடைக்க வேண்டிய சிபியு நேரத்தை மெய்நிகர் மெஷின்களை நடத்தும் ஹைப்பர்வைசர் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டது என்று அர்த்தம். அது பத்து, இருபது என்று நின்றால் உங்கள் மென்பொருளை எவ்வளவு திருத்தினாலும் பயனில்லை. சேவை வழங்குநரிடம் பேச வேண்டும், அல்லது பெரிய திட்டத்துக்கு மாற வேண்டும்.

ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் ஒரு பகல்

ஜாலான் மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு துணிக்கடை. தீபாவளி நெருக்கத்தில் முதலாளி போன் போட்டார். “தம்பி, கவுண்டர்ல எல்லாமே ஜாம். பில் வர மாட்டேங்குது, சனம் வரிசையில நிக்குது. ரீஸ்டார்ட் பண்ணிடவா?” “வேணாம்ண்ணே, ரெண்டு நிமிஷம் குடுங்க” என்று சொல்லிவிட்டு எஸ்எஸ்ஹெச்சில் உள்ளே நுழைந்தேன். மாடியில் சரக்கு அறையில் இருக்கும் நான்கு கோர் மெஷின் அது. சாதாரணச் சுழலும் ஹார்ட் டிஸ்க்.

அப்டைம் லோட் 9 என்றது. விஎம்ஸ்டாட்டில் ஆர் 1, பி 8. ஐடியும் டபிள்யூஏவும் சேர்ந்து 85. சிபியு கிட்டத்தட்டச் சும்மா இருக்கிறது, எல்லாரும் டிஸ்க் வாசலில் நிற்கிறார்கள். அடுத்து:

ஐஓஸ்டாட் -எக்ஸ் 1

டிஸ்க் பயன்பாட்டுச் சதவீதம் 99. ஒரு கோரிக்கைக்கு ஆகும் சராசரிக் காத்திருப்பு நூறு மில்லிசெகண்டைத் தாண்டியிருந்தது. யார் இவ்வளவு எழுதுகிறார்கள்? (அடுத்த கட்டளையில் டி என்பது ஆங்கில டிஸ்க்கின் முதல் எழுத்து.)

சுடோ பிட்ஸ்டாட் -டி 1

பட்டியலில் அதிகம் எழுதிக்கொண்டிருந்தது, கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க். தினசரி பேக்கப். அது பகல் 12.30க்கு ஓடும்படி க்ரானில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டுவது) வைக்கப்பட்டிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் கடையில் கூட்டம் இருக்காது என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். தீபாவளிக் காலத்தில் சுற்றுவட்டார அலுவலகங்களில் வேலை செய்கிறவர்கள் துணி எடுக்க வருவதே அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

அவசரத்துக்குச் செய்தது ஒரே காரியம். பேக்கப்பை டிஸ்க் முன்னுரிமையின் கடைசி வகுப்புக்குத் தள்ளினேன் (பி என்பது ஆங்கில ப்ராசஸின் முதல் எழுத்து):

சுடோ ஐஓநைஸ் -சி 3 -பி (ப்ராசஸ் எண்)

மூன்றாம் வகுப்பில் இருக்கும் ப்ராசஸுக்கு, வேறு யாருக்கும் டிஸ்க் தேவைப்படாத நேரத்தில்தான் இடம் கிடைக்கும். அந்த மெஷினில் டிஸ்க் ஷெட்யூலர் (டிஸ்க் கோரிக்கைகளை வரிசைப்படுத்தும் கெர்னல் பகுதி) பிஎஃப்க்யூ என்பதால் இது உடனே எடுபட்டது. ஷெட்யூலர் “நன்” என்று இருந்தால் ஐஓநைஸுக்கு எந்தப் பலனும் இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் “கில் -ஸ்டாப்” கொடுத்து ப்ராசஸை நிறுத்திவைத்து, கூட்டம் குறைந்ததும் “கில் -கான்ட்” கொடுத்துத் தொடரவிடலாம். அன்று மாலை க்ரானில் நேரத்தை அதிகாலை 2 மணிக்கு மாற்றியதுதான் நிரந்தரத் தீர்வு. கடைக்குப் புது சர்வர் வாங்க வேண்டியிருக்கவில்லை.

டிஸ்க் பயன்பாட்டுச் சதவீதம் பற்றி ஓர் எச்சரிக்கை. சுழலும் டிஸ்க்கில் 99 என்பது தலைவலிதான். எஸ்எஸ்டி, என்விஎம்இ போன்றவை ஒரே நேரத்தில் பல கோரிக்கைகளைக் கவனிப்பதால், அங்கே 99 என்று காட்டினாலும் இன்னும் நிறையத் தாங்கக்கூடும். அவற்றில் காத்திருப்பு நேரத்தைப் பாருங்கள், சதவீதத்தை அல்ல.

நினைவகம்: பயப்படத் தேவையில்லாத எண்

ஃப்ரீ -ஹெச்

இதைத் தட்டிவிட்டு “ஃப்ரீ” என்ற பத்தியில் 200 எம்பிதான் இருக்கிறது என்று பதறுகிறவர்கள் ஏராளம். லினக்ஸ் சும்மா கிடக்கும் நினைவகத்தை வீணாக விடாது. படித்த கோப்புகளின் நகலை அதில் வைத்துக்கொள்ளும், அடுத்த முறை டிஸ்க்குக்குப் போகாமல் அங்கிருந்தே கொடுக்கும். ஏதாவது பயன்பாடு கேட்டால் அந்த இடத்தை உடனே காலிசெய்து தரும். அந்தத் தொகை “பஃப்/கேஷ்” பத்தியில் தெரியும். நீங்கள் பார்க்க வேண்டியது கடைசிப் பத்தியான “அவைலபிள்”. புதிய பயன்பாடு ஒன்றைத் தொடங்கினால் ஸ்வாப் இல்லாமல் எவ்வளவு கொடுக்க முடியும் என்ற மதிப்பீடு அது. 2014இல் வந்த கெர்னல் 3.14 முதல் கெர்னலே அதைக் கணக்கிட்டுத் தருகிறது.

கேஷைக் காலிசெய்யும் கட்டளை ஒன்று வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. “ட்ராப் கேஷஸ்” என்ற கோப்பில் 3 என்று எழுதினால் ஃப்ரீ நினைவகம் கிடுகிடுவென்று ஏறும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அடுத்த நிமிடம் எல்லாக் கோப்புகளையும் டிஸ்க்கிலிருந்து மறுபடி படிக்க வேண்டியிருப்பதால் சர்வர் இன்னும் மெதுவாகும். சோதனைக்கு மட்டும் உரிய கட்டளை அது. தயவுசெய்து அதைக் க்ரானில் போடாதீர்கள்.

நினைவகம் அடியோடு தீர்ந்துபோனால் கெர்னல் தானாகவே ஒரு ப்ராசஸைக் கொல்லும். டேட்டாபேஸ் காரணமின்றிச் செத்துப்போனதாகச் சொன்னால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். “சுடோ ஜர்னல்சிடிஎல் -கே” கொடுத்து, “அவுட் ஆஃப் மெமரி” என்ற சொற்களைத் தேடுங்கள். எந்த ப்ராசஸ், எத்தனை மணிக்கு என்று தெளிவாக இருக்கும்.

டாப், ஹெச்டாப்

எந்தப் பக்கம் நெருக்கடி என்று தெரிந்த பிறகு, யார் காரணம் என்று பார்க்க டாப். உள்ளே நுழைந்ததும் 1 தட்டினால் ஒவ்வொரு கோரும் தனித்தனியாக விரியும். இது முக்கியம்: நான்கு கோரில் ஒன்று மட்டும் 100, மற்றவை சும்மா என்றால், ஒரே இழையில் (த்ரெட்) ஓடும் மென்பொருள் ஒன்று மாட்டிக்கொண்டிருக்கிறது. கோர் எண்ணிக்கையைக் கூட்டினால் அது வேகமாகாது. பெரிய எழுத்து எம் நினைவகப்படியும், பெரிய எழுத்து பி சிபியுப்படியும் வரிசைப்படுத்தும். சிறிய சி முழுக் கட்டளையைக் காட்டும், க்யூ வெளியேறும். ஒரு ப்ராசஸ் 250% என்று காட்டினால் திகைக்காதீர்கள். ஒரு கோர் 100% என்பது கணக்கு, அது இரண்டரை கோர் அளவு உழைக்கிறது.

ஹெச்டாப், ஹிஷாம் முஹம்மத் என்ற பிரேசில் நாட்டு நிரலாளர் 2004இல் வெளியிட்டது. அதே தகவல், நிறத்தோடு, அம்புக்குறி விசைகளோடு. பழக எளிது. ஆனால் வேறொருவர் சர்வரில் அது இருக்கும் என்று சொல்ல முடியாது. டாப் எங்கும் இருக்கும், ஆகவே டாப்பை விட்டுவிடாதீர்கள்.

நம் ஊர் வெயில்

வெளிநாட்டு வழிகாட்டிகளில் ஓரிரு வரியோடு முடியும் இந்த விஷயம் நமக்குப் பெரியது. கோலாலம்பூரில் பகல் வெப்பம் 32, 33 டிகிரி சாதாரணம். ஏர்கான் இல்லாத சரக்கு அறையிலோ, கோவில் அலுவலக அலமாரிக்குள்ளோ பூட்டிவைத்த மெஷின் எவ்வளவு சூட்டில் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சிபியு சூடேறி எல்லையைத் தொட்டதும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டாப்பில் சிபியு 100 என்றுதான் காட்டும். பாதி வேகத்தில் ஓடும் 100 என்று அது சொல்லாது.

“எல்எம்-சென்சார்ஸ்” பொதியை நிறுவி, ஒருமுறை “சுடோ சென்சார்ஸ்-டிடெக்ட்” ஓட்டிவிட்டு, “சென்சார்ஸ்” என்று தட்டுங்கள். இப்போதைய வெப்பநிலையும் அந்த சிபியுவுக்கு உரிய உச்ச எல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வரும். கூடவே “எல்எஸ்சிபியு” கொடுத்தால் சிபியுவின் அதிகபட்ச மெகாஹெர்ட்ஸ் தெரியும். இப்போது ஓடும் வேகத்தை ப்ரோக் அடைவில் (ஃபோல்டர்) உள்ள “சிபியுஇன்ஃபோ” கோப்பில் பார்க்கலாம். சுமை அதிகமாக இருந்தும் வேகம் அதிகபட்சத்தைவிட மிகக் கீழே, வெப்பநிலை எல்லையை ஒட்டி என்றால் மென்பொருளில் தேடாதீர்கள். மூடியைத் திறந்து தூசியை ஊதுங்கள், விசிறி சுற்றுகிறதா என்று பாருங்கள், காய்ந்துபோன தெர்மல் பேஸ்டை மாற்றுங்கள். புக்கிட் பிந்தாங்கில் லோ யாட் பிளாசாவில் எந்தக் கடையிலும் பேஸ்ட் கிடைக்கும்.

டிஸ்க் இடமும் நெட்வொர்க்கும்

இவை இரண்டும் சுருக்கமாக. “டிஎஃப் -ஹெச்” டிஸ்க்கின் எந்தப் பிரிவு நிறைந்திருக்கிறது என்று சொல்லும். இடம் இருந்தும் எழுத முடியவில்லை என்றால் “டிஎஃப் -ஐ” கொடுத்து ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவைப்படும் பதிவு) தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள். லட்சக்கணக்கான சிறு கோப்புகள் சேர்ந்த இடத்தில் அப்படி ஆகும். பெரிய லாக் கோப்பை அழித்த பிறகும் இடம் திரும்பவில்லையா? அதைத் திறந்துவைத்திருக்கும் ப்ராசஸ் இன்னும் விடவில்லை. அந்தச் சேவையை ரீஸ்டார்ட் செய்தால் விட்டுவிடும்.

நெட்வொர்க்கில் “எஸ்எஸ் -எஸ்” இணைப்புகளின் தொகையைத் தரும். “ஐபி -எஸ் லிங்க்” பிழைகளையும் தவறவிட்ட பாக்கெட்டுகளையும் காட்டும். பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் கேபிளோ ஸ்விட்ச் போர்ட்டோதான்.

இனி மாற்றலாம், ஒவ்வொன்றாக

அளந்தாயிற்று என்றால் மாற்றலாம். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். பழைய மதிப்பைக் குறித்துவைத்த பிறகே புதியதைப் போடுங்கள்.

சிபியு முன்னுரிமைக்கு நைஸ். மதிப்பு -20 முதல் 19 வரை, இயல்பு 0. எண் கூடக் கூட அந்த ப்ராசஸ் மற்றவர்களுக்கு வழிவிடும். ஓடிக்கொண்டிருப்பதை மாற்ற “ரீநைஸ் 10 -பி” என்று தட்டி ப்ராசஸ் எண்ணைக் கொடுங்கள். எண்ணைக் கூட்ட உங்கள் அனுமதி போதும், குறைக்க ரூட் அனுமதி வேண்டும். ஒன்றுக்கு -20 கொடுத்து வேகப்படுத்துவதைவிட, தொல்லை தரும் மற்றதற்கு 10 கொடுத்து அடக்குவது எப்போதும் பாதுகாப்பானது.

சேவை ஒன்று அடிக்கடி எல்லை மீறினால் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி வழியாகக் கட்டிவைக்கலாம். “சிஸ்டம்சிடிஎல் செட்-ப்ராப்பர்ட்டி” என்று தொடங்கி, சேவையின் பெயரையும் “சிபியுகோட்டா=50%” என்பதையும் (சிபியுவின் மூன்று எழுத்தும் கோட்டாவின் முதல் எழுத்தும் பெரிய எழுத்து) சேர்த்தால், ஒரு கோரில் பாதிக்கு மேல் அது எடுக்காது. “மெமரிமேக்ஸ்” (இரண்டு சொல்லின் முதல் எழுத்தும் பெரிய எழுத்து) என்பதை வைத்து நினைவகத்துக்கும் இப்படியே வரம்பு வைக்கலாம். ஆனால் வரம்பைத் தாண்ட முயன்றால் அந்தச் சேவையே கொல்லப்படும், ஆகவே தாராளமாக வையுங்கள்.

கெர்னலின் அளவுருக்களுக்கு “சிஸ்சிடிஎல்”. புதியவர்கள் முதலில் தொடுவது ஸ்வாப்பினஸ். இயல்பு மதிப்பு 60. குறைத்தால், கோப்புக் கேஷை விட்டுக்கொடுத்தாவது பயன்பாடுகளின் நினைவகத்தை ஸ்வாப்புக்கு அனுப்பாமல் வைத்திருக்கக் கெர்னல் முயலும். டேட்டாபேஸ் சர்வர்களில் 10 வைப்பது பரவலான பழக்கம்.

சுடோ சிஸ்சிடிஎல் -டபிள்யூ விஎம்.ஸ்வாப்பினஸ்=10

இது ரீஸ்டார்ட் ஆனதும் பழையபடி ஆகிவிடும். நல்லதுதான், தவறாகிப் போனால் திரும்ப ஒரு வழி இருக்கிறது. சில நாள் பார்த்து, விஎம்ஸ்டாட்டில் எஸ்ஐ, எஸ்ஓ உண்மையிலேயே குறைந்திருந்தால் மட்டும் இடிசி அடைவில் உள்ள “சிஸ்சிடிஎல்.டி” அடைவுக்குள் ஒரு கோப்பாக எழுதி நிரந்தரமாக்குங்கள். இணையத்தில் கிடைக்கும் இருபது வரி “டியூனிங்” பட்டியலை அப்படியே ஒட்டுவதைப் போல ஆபத்தானது வேறில்லை. அதில் பாதி வேறு காலத்துக் கெர்னலுக்கும், மீதி வேறு அளவு மெஷினுக்கும் எழுதப்பட்டிருக்கும்.

“கில் -9” என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். வெறும் “கில்”, ப்ராசஸை ஒழுங்காக முடித்துக்கொள்ளச் சொல்லும். 9 அந்த வாய்ப்பையே தராது. டேட்டாபேஸுக்கு முதல் அடியாக 9 கொடுக்கவே கூடாது. பொறுத்திருந்தும் அடங்காவிட்டால் மட்டுமே.

சார்: நேற்று மூன்று மணிக்கு என்ன நடந்தது?

பெரும்பாலான புகார்கள் நடந்து முடிந்த பிறகுதான் வரும். அதற்காகத்தான் சிஸ்ஸ்டாட்டை முதலிலேயே நிறுவச் சொன்னேன். டெபியன், உபுண்டுவில் இடிசி அடைவின் “டிஃபால்ட்” அடைவுக்குள் “சிஸ்ஸ்டாட்” என்ற கோப்பு இருக்கும். அதில் “எனேபிள்ட்” என்பதை “ட்ரூ” ஆக்கி, சேவையை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அன்று முதல் 10 நிமிடத்துக்கு ஒருமுறை எண்கள் பதிவாகும். “சார் -க்யூ” லோட் வரலாறு, “சார் -யூ” சிபியு, “சார் -ஆர்” நினைவகம், “சார் -டி” டிஸ்க். தினமும் ஒரே நேரத்தில் எகிறுகிறதா, மாதக் கடைசியில் மட்டுமா, மெல்ல மெல்ல ஏறுகிறதா என்பதெல்லாம் இதில் பளிச்சென்று தெரியும்.

முதலாளியோ மேலாளரோ “ரேம் வாங்கிப் போட்டா சரியாயிடுமா?” என்று கேட்கும்போதும் இந்தப் பதிவையே விரித்துக் காட்டுங்கள். “சார் -டபிள்யூ” என்பதில் டபிள்யூவைப் பெரிய எழுத்தில் தட்டினால் ஸ்வாப் போக்குவரத்து வரும். நாள் முழுக்க பூஜ்யமாகவும், அவைலபிள் தாராளமாகவும் இருந்தால் ரேமுக்குப் போடும் ரிங்கிட் வீண். அதே பணத்தில் சுழலும் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றலாமா என்று பார்க்க “சார் -டி”யின் காத்திருப்பு நேரத்தை எடுத்து வையுங்கள்.